முதியோர் இல்லத்தில் உடல்நலக் குறிப்பு எழுதுவது எப்படி: ஒரு பழைய நர்சம்மாவின் முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் சின்னச் சின்ன முதியோர் இல்லங்கள் நிறைய வந்துவிட்டன. பத்துப் பேர், இருபது பேர் தங்குகிற வாடகை வீடுகள். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். நர்சிங் படித்தவர் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். மற்றபடி ராப்பகலாகக் கூட இருப்பது பராமரிப்பு வேலைக்கு வரும் பெண்கள்தான். இந்தக் குறிப்புகள் அந்த மாதிரி இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே நோட்டு எழுதுகிறவர்களுக்கும்.

நான் பண்ருட்டிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முதியோர் இல்லத்தின் நோட்டுகள் என் பொறுப்பு. சர்வீஸில் நான் எழுதாத பதிவேடு இல்லை. கர்ப்பிணிக்கு அரசுப் பதிவுக்கான பிக்மி எண் உண்டு, குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை உண்டு. எந்த நர்சம்மா கைக்குப் போனாலும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அந்த அட்டையே சொல்லிவிடும். எண்பது வயதுப் பாட்டியோடு அப்படி எந்த அட்டையும் வருவதில்லை. அவரைப் பற்றிய விவரம் கொஞ்சம் மகள் ஞாபகத்தில், கொஞ்சம் மருமகன் போனில், மீதி ஒரு மஞ்சப்பையில் கிடக்கும்.

பல இல்லங்களில் நோட்டு இல்லாமல் இல்லை. பி.பி. ரெஜிஸ்டர், சுகர் ரெஜிஸ்டர், சாப்பாட்டு ரெஜிஸ்டர் எல்லாம் அட்டை போட்டு அலமாரியில் இருக்கும். பிரித்துப் பார்த்தால் வரிசையாக 130/80, 130/80, 120/80. நாலு பாட்டிகளுக்குத் தினமும் ஒரே பி.பி. என்றால் யாரும் கருவியை வெளியே எடுக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எழுதியதை யாரும் பார்ப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். அதனால் ஒரு கட்டம் போடும் முன்னால் நான் கேட்பது இது: இந்த எண் மாறினால் யார், என்ன செய்வார்? பதில் இல்லாத கட்டத்தைப் போடமாட்டேன். நோட்டு பாதியாகச் சுருங்கும். மீதிப் பாதியாவது உண்மையாக எழுதப்படும்.

முதல் நாள்: பையைக் கொட்டுங்கள்

சேர்க்க வருகிற அன்று குடும்பத்தார் அரை மனசோடும் அவசரத்தோடும் இருப்பார்கள். “என்னென்ன மாத்திரை போடறாங்க?” என்று கேட்டால், “பிரஷருக்கு, சுகருக்கு, அப்புறம் ஏதோ ஒரு சத்து மாத்திரை” என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். மாத்திரைப் பையை வாங்கி, மேசைமேல் துண்டு விரித்து, மொத்தத்தையும் கொட்டுங்கள்.

எங்கள் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம். ஒரே ஆள் நாலு இடத்தில் மருந்து வாங்கியிருப்பார். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு ஒன்று. ரெட்டிச்சாவடி தாண்டினால் புதுச்சேரி. ஜிப்மரில் தனியாக ஒரு நம்பர். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிரஷர், சுகர் மாத்திரைகள். போதாததற்கு முட்டிவலிக்குத் தெருமுனை மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டையில் அம்லோடிபின் (பிரஷர் மருந்து) என்று மருந்தின் பெயரே இருக்கும். தனியாரில் வாங்கிய அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், அம்லோடிபின் என்பது கண்ணுக்கே தெரியாத எழுத்திலும் இருக்கும். பாட்டி இரண்டையும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, கால் வீங்கி, எழுந்தால் தலைசுற்றி, “வயசாயிடுச்சும்மா” என்று உட்கார்ந்திருப்பார்.

அதனால் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். கண் தெரியவில்லையென்றால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்குங்கள். ஒரே மருந்துப் பெயர் உள்ள அட்டைகளை ஒரு குவியலாக வையுங்கள். ஒரே குவியலில் இரண்டு கம்பெனி சேர்ந்தால் டாக்டருக்குப் போன் போடவேண்டியதுதான். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சுகரைச் சட்டென்று இறக்கிவிடும் மாத்திரை இருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த ஆள் ஒருவேளை சாப்பிடவில்லை என்றால் அன்றைய முதல் கவலை அவர்தான். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, லேகியம், சூரணம், கண் சொட்டு எல்லாமே பட்டியலில் வரவேண்டும். கண் சொட்டை மருந்து என்று யாரும் சொல்வதே இல்லை, நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

அப்புறம் மீதி மாத்திரைகளை எண்ணுங்கள். போன மாதம் வாங்கிய முப்பதில் இருபத்தாறு அப்படியே இருந்தால் அவர் வீட்டில் மருந்து சாப்பிடவே இல்லை. சீட்டில் இருக்கிறதே என்று இல்லத்தில் முதல் நாளே எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்தால் பி.பி. தடாலென்று இறங்கும். அந்த இருபத்தாறு என்ற எண்ணை டாக்டரிடம் சொன்ன பிறகுதான் மருந்து ஆரம்பிக்கவேண்டும்.

வயது எழுதுவதில் ஒரு கூத்து உண்டு. ஆதாரில் பலருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1. சிலருக்கு வருடம் மட்டும்தான். புதுச்சேரியில் 1954-க்கு முன்னால் பிறந்தவர் என்றால் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிரான்சு பென்ஷன் வாங்குகிற குடும்பமாக இருந்தால் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். மற்றவர்களிடம், 1964 தனுஷ்கோடி புயலின்போது கல்யாணம் ஆகிவிட்டதா, மூத்த பிள்ளைக்கு இப்போது என்ன வயசு என்று பேச்சுக் கொடுத்து ஒரு வயதுக்கு வந்து, பக்கத்தில் ‘தோராயம்’ என்று போடுங்கள்.

முதல் பக்கத்தில் வேறு என்ன? ஒத்துக்கொள்ளாத மருந்து, செய்துகொண்ட ஆபரேஷன்கள், பேஸ்மேக்கர் உண்டா, கண்ணாடி, காது மிஷின், பல் செட், போன ஒரு வருடத்தில் விழுந்தாரா, எந்த ஆஸ்பத்திரியில் என்ன நம்பர், காப்பீட்டு அட்டை, ராத்திரி போன் எடுக்கக்கூடிய சொந்தக்காரர். அவரை எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரை ‘தாத்தா’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ‘சார்’ என்றால் கையை நீட்டி பி.பி. பார்க்க விடுவார்.

முதல் இரண்டு வாரம்: அவருடைய வழக்கம் என்ன?

புதிதாக வந்தவர் முதல் சில நாள் சரியாகச் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார். அதையும் எழுதுங்கள், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது வாரத்தில் ஆள் ஒரு நிலைக்கு வருவார். அப்போது எடுத்த அளவுகளை ஒரு தனித்தாளில் எழுதி நோட்டின் முன்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பிற்பாடு வரும் ஒவ்வோர் எண்ணையும் முதலில் இந்தத் தாளோடுதான் ஒப்பிடவேண்டும். எங்கள் இல்லத்தில் ஒருவருக்கு வழக்கமான உடல்சூடு 97-ஐத் தாண்டாது. அவருக்கு 99 காட்டினால் எனக்கு அது காய்ச்சல்தான். வயதானவர்களுக்கு உள்ளே கிருமி கடுமையாக இருந்தாலும் 102 என்று ஏறவேண்டும் என்பதில்லை. வழக்கத்தைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே கவனிக்கவேண்டும்.

பி.பி. பார்ப்பது எல்லாருக்கும் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் பாத்ரூம் போய்வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். மாதம் ஒருமுறை இன்னொரு விதமாகவும் பாருங்கள்: ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஓர் அளவு, எழுந்து நின்றதும் மூன்று நிமிடத்துக்குள் ஓர் அளவு. மேல் எண் 20 இறங்கினாலோ கீழ் எண் 10 இறங்கினாலோ, கட்டிலைவிட்டு எழும்போது விழக்கூடியவர் இவர். பிரஷர் மாத்திரை மாற்றிய வாரம் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

எண்களைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது ஆறு கேள்விதான். 1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் குழுவினர் வகுத்தது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. தானே செய்தால் 1, உதவி வேண்டுமென்றால் 0. மொத்தம் ஆறுக்கு எத்தனை? ஐந்தில் இருந்தவர் ஒரே வாரத்தில் மூன்றுக்கு வந்தால் அதை வயசு என்று தள்ளிவிடக் கூடாது, உள்ளே ஏதோ நடக்கிறது. இதில் ஒரு நேர்மை வேண்டும். நமக்கு நேரமாகிறது என்று ஊட்டிவிட்டு, ‘தானே சாப்பிடமாட்டார்’ என்று எழுதக் கூடாது.

தினசரி நோட்டு

ஒரு ஷிப்டுக்கு ஓர் ஆளுக்கு ஒரு வரி. சாப்பாடு முழுதா, பாதியா, காலா, இல்லையா. தண்ணீர் எத்தனை தம்ளர். மலம் போனதா. தூக்கம், வலி. கடைசியில் அகலமாக ஒரு கட்டம்: ‘வழக்கத்துக்கு மாறாக என்ன?’ பேனா பிடிக்கத் தயங்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்கள் டிக் மட்டும் போடட்டும், கடைசிக் கட்டத்துக்கு உள்ளதை வாயால் சொல்லட்டும், இன்னொருவர் எழுதட்டும். என் அனுபவத்தில் எழுதத் தெரியாத அக்காதான் எல்லாரையும்விட முன்னால் கண்டுபிடிப்பார்.

எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா தினமும் காலையில் பேப்பர் தலைப்புகளை வீடே கேட்கும்படி படிப்பார். ஒருநாள் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பி.பி., சுகர், சூடு எல்லாம் சரி. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, “அவரு இன்னிக்கிப் படிக்கல” என்று வந்து சொன்னார். அந்த ஒரு வரிதான் நோட்டில் இருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். சோடியம் உப்பு குறைந்திருந்தது. சிறுநீர் பிரிவதற்காகப் போட்டுவந்த மாத்திரைதான் காரணம். வயதானவர்கள் திடீரென்று குழம்பினால் அதை மறதி நோய் என்று ஒதுக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை, தண்ணீர் குடிக்காதது எதுவாகவும் இருக்கும். மறதி மாதக்கணக்கில் வரும், இந்தக் குழப்பம் ஒரு நாளில் வரும். எப்போது ஆரம்பித்தது என்று நோட்டில் இருந்தால்தான் டாக்டரால் இரண்டையும் பிரித்துப் பார்க்கமுடியும்.

சாப்பாட்டுக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. தட்டு காலியானது வேறு, வயிற்றுக்குள் போனது வேறு. ஒருவருக்கு நோட்டில் மாதம் முழுக்க ‘முழுதும்’ என்றே இருந்தது, ஆனால் எடை இறங்கிக்கொண்டே போனது. கூடவே உட்கார்ந்து பார்த்தால், இட்லியைப் பிட்டு ஜன்னல் வழியாக நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார். பல் செட் தளர்ந்து ஈறைக் குத்துகிறது, சொன்னால் பிள்ளைக்குச் செலவு என்று வாயைத் திறக்கவில்லை. வாரத்தில் ஒரு வேளையாவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதவேண்டும்.

சுகர் பார்க்கும் முன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பண்ருட்டிப் பலாச்சுளை தின்ற விரலில் குத்தினால் கருவி 300 காட்டும், நாம் பதறிப்போய் ஊசியைக் கூட்டிவிடுவோம். ஸ்ட்ரிப் டப்பாவை உடனுக்குடன் மூடுங்கள், கடலோர ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். திறந்த தேதியை டப்பாமேலேயே எழுதுங்கள். 70-க்குக் கீழே காட்டி, ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-க்கு அடியுங்கள். ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மருதாணி வைத்த விரலிலும், குளிர்ந்த விரலிலும் மாட்டி வரும் எண்ணை நம்பவேண்டாம்.

பேச்சு போனவர்களுக்கும் மறதி முற்றியவர்களுக்கும் வலி உண்டு. ஐந்தைப் பாருங்கள்: மூச்சு, முனகல், முகம், உடம்பை வைத்திருக்கும் விதம், தேற்றினால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் பத்து. ‘அடம் பிடிக்கிறார், குளிக்க மாட்டேன் என்கிறார்’ என்று நோட்டில் அடிக்கடி வந்தால் இந்த ஐந்தையும் குளிக்கவைக்கும்போதே பார்த்து எழுதுங்கள். தோளைத் தூக்கினால் வலிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

அக்னி நட்சத்திரம் நடக்கும் நாட்களில் தண்ணீர்க் கட்டம்தான் ராஜா. “தாகமே இல்லம்மா” என்பார்கள். வயதானால் தாக உணர்வே மங்கிவிடும். சிறுநீர் நிறத்தைக் கேட்டு எழுதுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்களின் பெயருக்கு எதிரே அந்த அளவை முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வந்த பெண் அன்பாகக் கொடுத்துத் தீர்த்துவிடுவாள்.

எடை

நான் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதலாம் என்று யாராவது சொன்னால் எடையைத்தான் எழுதுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், அதே மிஷின், அதே மாதிரி லேசான உடை. மிஷினை மெத்தையிலோ மிதியடியிலோ வைக்காமல் தரையில் வையுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து சதவீதம், ஆறு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தச் சதவீதக் கணக்கை மாதாமாதம் யாரும் போடமாட்டார்கள். அதனால் முன்கூட்டியே போட்டுவையுங்கள். பாட்டி 46 கிலோ என்றால் முன்னட்டைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்: ‘அடுத்த மாதம் 43.7-க்கு வந்தால் சொல். ஆறு மாதத்தில் 41.4-க்கு வந்தால் சொல்.’ எடை பார்க்கும் பெண் இந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

நிற்கமுடியாதவரை என்ன செய்வது? தூக்கி நிறுத்தி இரண்டு பேரும் விழவேண்டாம். டெய்லர் டேப்பை எடுத்துக் கெண்டைக்காலில் பருத்த இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஊட்டம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பொய் சொல்லும், அதனால் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்துவிட்டு அளக்கவேண்டும். எடை ஏறுவதையும் விடாதீர்கள். இருதயக் கோளாறு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர், சதை இல்லை.

படுக்கையிலேயே இருப்பவர்களுக்குக் குதிகால், இடுப்பின் பின்பக்கம், இடுப்பின் ஓரங்கள், தினமும் குளிப்பாட்டும்போது பார்க்கவேண்டும். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே எழுதுங்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமல் கறுத்தோ, தொட்டால் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ இருக்கும். புண் வந்த பிறகு எழுதுவதில் அர்த்தமில்லை.

விழுந்தால்

மணி, இடம், எதற்காக எழுந்தார், காலில் என்ன இருந்தது, விளக்கு எரிந்ததா, வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா, கடைசியாக என்ன மாத்திரை எப்போது போட்டார். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராகவும் இருந்தால், சிரித்துப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விழப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டதையும் எழுதவேண்டும்.

இதை எழுதுகிற பெண்ணை அன்றைக்குத் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் போதும், அதற்கப்புறம் உங்கள் இல்லத்தில் யாரும் விழவே மாட்டார்கள், நோட்டில்.

ஒரு தாளில் 24 மணி நேரத்துக்குக் கோடு போட்டு, விழுந்த நேரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எங்கள் தாளில் புள்ளிகள் விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்துக்குள் மொய்த்தன, எல்லாம் பாத்ரூம் வழி. நோட்டைத் திருப்பிப் பார்த்தால், சிறுநீர் பிரிவதற்கான மாத்திரை சிலருக்கு மாலையில் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் அதைக் காலைக்கு மாற்றினார். நாங்கள் பாத்ரூம் வழியில் ராத்திரி விளக்கு போட்டோம், வாசற்படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் புள்ளி குறைந்திருக்கிறது.

சனிக்கிழமை மதியம்

எழுதுவதைவிடத் திரும்பப் படிப்பதற்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும். எங்களுக்கு அது சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு. சிவப்புப் பென்சிலும், வேலை செய்யும் அக்கா ஒருவரும் கட்டாயம் வேண்டும். ஆளாளுக்கு இரண்டு நிமிடம்: எது மாறியது, யார் என்ன செய்யப்போகிறார், எந்த நாளுக்குள்? அடுத்த சனிக்கிழமை முதல் வேலை, போன வாரம் சொன்னது நடந்ததா என்று பார்ப்பது.

மாதக் கடைசியில் இல்லம் முழுமைக்கும் ஒரு கணக்கு. எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், எத்தனை பேர் எடை இறங்கினார்கள், எத்தனை பேர் ஆஸ்பத்திரி போனார்கள். சதவீதம் போடாதீர்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் விழுந்தாலே எட்டு சதவீதம் ஆகிவிடும்; அடுத்த மாதம் இருவர் விழுந்தால் இரண்டு மடங்கு என்று டிரஸ்டிகள் கலவரப்படுவார்கள்.

அமெரிக்காவில் 1987-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு நர்சிங் ஹோம்களில் எல்லாருக்கும் ஒரே படிவத்தில் கேள்வி கேட்டு நிரப்புகிறார்கள். சேரும்போது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிலைமை கணிசமாக மாறும்போது என்று. அதன் பெயர் குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பு. பெயரில்தான் குறைந்தபட்சம், படிவம் பக்கம் பக்கமாக நீளும். நமக்கு அவ்வளவு வேண்டாம். அதில் நான் எடுத்துக்கொண்டது, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் அதே இடைவெளியில் கேட்கவேண்டும் என்பதை. ஆறு கேள்வி, நிற்கும்போது பி.பி., எடை, ஞாபகம், மனசு, வலி, மருந்துப் பட்டியல். இவற்றை மூன்று மாதத்துக்கொருமுறை புதிதாக எழுதுகிறோம்.

டாக்டருக்குப் போன்

“சார், பாட்டிக்கு முடியல, என்னன்னு தெரியல” என்று ஆரம்பித்தால் அவரும் “கூட்டிட்டு வாங்க” என்றுதான் சொல்வார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “82 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு. காலையிலேர்ந்து குழப்பமா பேசறாங்க, நேத்து வரைக்கும் தெளிவா இருந்தாங்க. பி.பி. 100/60, வழக்கமா 140/80. சூடு 99, வழக்கமா 97. சுகர் 118. நேத்திலேர்ந்து ரெண்டு தம்ளர் தண்ணிதான். காலைல பிரஷர் மாத்திரை இன்னும் கொடுக்கல. கொடுக்கலாமா? யூரின் டெஸ்ட்டுக்கு அனுப்பவா, இல்ல உடனே கொண்டு வரவா?” அரை நிமிடம்தான் ஆகும். அவர் சொன்ன பதிலை மணியோடு எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ஒரே ஒரு தாள் கூடப் போகவேண்டும்: முன்னட்டைத் தாளின் நகலும், பின்பக்கம் மருந்துப் பட்டியலும். கண்ணாடி, பல் செட், காது மிஷினும் கூடப் போகட்டும். காது கேட்காதவரை வார்டில் குழப்பம் என்று எழுதிவிடுவார்கள். திரும்பி வந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பழைய பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, புதிது எது, நிறுத்தியது எது, அளவு மாறியது எது என்று குறியுங்கள். நிறுத்திய மாத்திரையின் அட்டையை அன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துவிடவேண்டும்.

புயல் பை

இது வேறு ஊர்க்காரர்களுக்கு அதிகமாகப் படலாம். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்குமேல் கொட்டியது, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரைமீறியது. ராத்திரியில் படகு வந்தால் ரெஜிஸ்டர் பார்க்க நேரம் இருக்காது. ஐப்பசி பிறக்கும் முன்பே ஆளுக்கொரு ஜிப் கவர் தயார் செய்யுங்கள்: அந்த ஒரு தாள், ஒரு வாரத்துக்கான மாத்திரை, ஆதார் நகல், சொந்தக்காரர் போன் நம்பர். மறதி உள்ளவர்களுக்குக் கவரைக் கழுத்தில் மாட்டும்படி கயிறு கட்டுங்கள். நோட்டுகள் எப்போதும் மேல் தட்டில். இன்சுலின் இருக்கிறவர்களுக்கு, கரண்ட் போனால் எங்கே வைப்பது என்று முன்பே முடிவு செய்திருக்கவேண்டும். ஈரத்துணி சுற்றிய மண்பானை எங்களுக்குக் கைகொடுத்தது.

யாருக்குக் காட்டலாம்?

கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். இருபது பேருக்கு லாங் சைஸ் நோட்டே போதும். எடையையும் விழுந்த கணக்கையும் மட்டும் எக்ஸலில் போட்டால் கோடு எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். தேதியை எல்லாரும் ஒரே மாதிரி, நாள்-மாதம்-வருடம் என்று போடப் பழக்குங்கள். போனில் போட்டால் பின் நம்பர் பூட்டு இருக்கட்டும்.

விவரம் முதலில் அந்தப் பெரியவருடையது. பிள்ளைகள் கேட்டாலும், “ஆயா, உன் சுகர் கணக்கை மகன்கிட்ட சொல்லவா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முடியாது என்பவர்களும் உண்டு. மகனுக்கு அல்ல, மகளுக்கு மட்டும் சொல் என்பவர்களும் உண்டு. அதையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எல்லாக் குடும்பமும் இருக்கிற ஒரே வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய ரிப்போர்ட்டைப் போடவே கூடாது. அன்னதானம் செய்ய வருகிறவர்கள் எடுக்கும் போட்டோவில் சுவரில் ஒட்டிய மருந்துப் பட்டியலும் விழும், அதனால் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காகிதத்தில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிய விவரத்துக்கும் பொருந்தும்.

ஆராய்ச்சிக்கு என்று கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். நல்லதுதான், பாட்டிகளுக்கும் பேச்சுத்துணை. ஆனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இல்லத்தில் இருக்கும் முதியவர்களைப் போன்றவர்களிடம் விவரம் எடுக்கத் தனிக் கவனம் வேண்டும். பெயர் இல்லாமல் எண் போட்டுக் கொடுங்கள். நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போக விடாதீர்கள், போட்டோ எடுக்கவும் விடாதீர்கள். முடிவு என்ன வந்தது என்று திரும்ப வந்து சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரியவரை யாராவது கொடுமைப்படுத்துகிறார்கள் என்று நோட்டில் தெரியவந்தால் மட்டும் ரகசியம் என்று பொத்திவைக்காதீர்கள். 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

ஒருவர் காலமானதும் அவருடைய கடைசி ஒரு மாதத்தைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள். வலி அடங்கியிருந்ததா, கேட்டவர்களைப் பார்க்க முடிந்ததா என்று பார்க்கத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாம் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டை நாங்கள் மூன்று வருடம் பூட்டிவைக்கிறோம். அதற்கப்புறமும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடக் கூடாது. யாரோ ஒரு பாட்டியின் மலச்சிக்கல் கணக்கில் மஞ்சக்குப்பத்தில் மசால்வடை மடித்துக் கொடுப்பார்கள். கிழித்து, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழானதும் உரக்குழியில் கொட்டிவிடுங்கள். ஸ்டேப்ளர் பின்னை முதலிலேயே எடுத்துவிடவேண்டும்.